எராஸ்முஸ் ஏற்க மறுத்த வாக்கியம்

தூய யோவானின் முதல் திருமுகம் ஐந்தாம் அதிகாரத்தில், தந்தை, வார்த்தை, தூய ஆவியார் ஆகிய மூவரும் விண்ணகத்தில் சான்று பகர்கின்றனர் என்னும் வாக்கியம் ஒன்று பழைய இலத்தீன் பதிப்புகளில் இருந்தது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் அதைக் காண இயலாது. ஆவி, நீர், இரத்தம் என்னும் மூன்று சான்றுகளே அங்குள்ளன. மூவொரு இறைவனைப் பறைசாற்றும் வாக்கியத்தையே எடுத்துவிட்டனரே என்று மனம் கலங்குவோர்க்கு விடை வேண்டுமாயின், நாம் 1516-ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும்.

அவ்வாண்டில் எராஸ்முஸ், கிரேக்க மூலமும் தம் இலத்தீன் பெயர்ப்பும் இணைந்த புதிய ஏற்பாட்டைப் பாசெல் நகரில் புரோபனின் அச்சகத்தில் வெளியிட்டு, திருத்தந்தை பத்தாம் லியோவுக்குக் காணிக்கையாக்கினார். இப்பணிக்கு வித்திட்டவர் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா. வுல்காத்தாவைக் கிரேக்கத்தோடு ஒப்பிட்டு அவர் எழுதிவைத்த குறிப்புகளை 1504-இல் லூவேன் அருகிலிருந்த மடமொன்றில் கண்டெடுத்த எராஸ்முஸ், மறு ஆண்டே அவற்றைப் பாரிசில் அச்சேற்றினார்.

தாம் ஆராய்ந்த கிரேக்கப் பிரதிகளில் அவ்வாக்கியம் இல்லாமையால், எராஸ்முஸ் அதனைச் சேர்க்கவில்லை. ஆங்கிலேயர் எட்வர்ட் லீ, இஸ்பானியர் சுனிகா ஆகியோர் வெகுண்டெழுந்தனர். ஆரியுஸின் தப்பறைக்குக் கதவு திறந்துவிட்டார் என்ற பழியும் எழுந்தது. பின்னர் அவ்வாக்கியமுள்ள கிரேக்கப் பிரதி ஒன்று முன்வைக்கப்பட்டது. இன்று டப்ளின் திரித்துவக் கல்லூரியில் உள்ள அது, 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டதாகவே கருதப்படுகிறது. அவதூறுக்கு இடம் தரலாகாதென்று எராஸ்முஸ் 1522-ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் வாக்கியத்தைச் சேர்த்தார். பிரதி ஒன்றைக் காட்டினால் சேர்ப்பதாக அவர் வாக்களித்திருந்தார் என்ற கதைக்கு ஆதாரமில்லை என்பதை டச்சு அறிஞர் தெ யோங்கெ 1980-இல் எடுத்துக்காட்டினார்.

எனினும், எராஸ்முஸைப் போற்றுவதோடு நாம் நின்றுவிடலாகாது. திருவெளிப்பாட்டு நூலுக்கு அவரிடமிருந்த ஒரே கிரேக்கப் பிரதியில் இறுதிப் பகுதி இல்லை. அச்சுப்பணியின் அவசரத்தில் கடைசி வசனங்களை அவர் இலத்தீனிலிருந்து தாமே கிரேக்கத்திற்குப் பெயர்த்தார். அதனால் கிரேக்க மூலத்தின் 'வாழ்வின் மரம்' 'வாழ்வின் நூல்' ஆயிற்று. அப்பிழை பிற்கால அச்சுப்பதிப்புகளிலும் தொடர்ந்தது. பிரதியில் இல்லாததை ஓரிடத்தில் விலக்கியவர், மற்றோரிடத்தில் பிரதியின்றியே எழுதினார். ஆயினும் அவர் கையிலெடுத்த அளவுகோல் அவரையே அளக்கவல்லது. ஆய்வுமுறையின் நேர்மை இதில்தான் விளங்குகிறது.

திருச்சபையின் பாதையும் நேர்கோடாக அமைந்ததன்று. 1546-இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் வுல்காத்தாவை அதிகாரபூர்வமான பாடமாக அறிவித்தது. அவ்வாக்கியத்தின் உண்மைத்தன்மையை மறுப்பது பாதுகாப்பானதன்று என 1897-இல் உரோமைத் திருப்பேராயம் விடையளித்தது. ஆனால் 1927-இல் அதுவே, சான்றுகளைச் சீர்தூக்கி மாற்றுக் கருத்துக் கொள்ள அறிஞர்க்கு உரிமையுண்டு எனத் தெளிவுபடுத்தியது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1943-இல் எழுதிய சுற்றுமடல், மூலமொழிப் பாடங்களை ஆராயுமாறு ஊக்குவித்தது. 1979-இல் வெளிவந்த புதிய வுல்காத்தாவில் அவ்வாக்கியம் இடம்பெறவில்லை. இவ்வரலாற்றை மறைக்க வேண்டியதில்லை. சான்றுகளுக்குச் செவிமடுக்க நாளெடுத்தது என்று ஒப்புக்கொள்வதில் இழுக்குமில்லை.

அப்படியாயின், நம் நம்பிக்கை ஆட்டம் கண்டதா? இல்லை. 325-இல் நிசேயாவிலும் 381-இல் கொன்ஸ்தாந்திநோபிளிலும் கூடிய தந்தையர், ஆரியுஸின் கொள்கையை மறுக்க இவ்வாக்கியத்தைச் சார்ந்து நிற்கவில்லை. தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் திருமுழுக்களிக்கும் கட்டளை மத்தேயு நற்செய்தியின் இறுதியில் உள்ளது. கட்டடத்தைத் தாங்காத தூணை அகற்றுவதால் கூரை விழுவதில்லை. மாறாக, ஐயத்துக்குரிய வாக்கியத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு வாதிட்டால், உண்மைச் சான்றுகளையும் பிறர் ஐயுறுவர்.

ஆவி, நீர், இரத்தம் என்பவற்றில் மூவொரு இறைவனைக் கண்ட ஒருவர் எழுதிய விளக்கம், காலப்போக்கில் மூலத்துள் புகுந்திருக்க வேண்டும் என்பது அறிஞர் பலரின் கருத்து. அங்ஙனமாயின் அதனை ஒரு பழைய கிறிஸ்தவரின் பக்திமிகு உரையாக மதிப்போம். ஆனால் உரையை உரையாகவும் மறைநூலை மறைநூலாகவும் வாசிப்பதே, இறைவார்த்தைக்கு நாம் செலுத்தும் வணக்கம்.