பொடி மட்டையும் துரையின் பைப்பும்

மலேசியாவின் பேராக் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த மூக்குக்குப் புகையிலையின் இரண்டு மணங்கள் பழக்கம். லயத்தில் தாத்தாவின் மூக்குப்பொடி. பங்களா பக்கம் போனால் துரையின் பைப். ஒரே இலைதான். ஆனால் பைப் மணம் வேலியைத் தாண்டி லயம்வரை வந்தது. பொடி மணம் பங்களாவுக்குப் போனதே இல்லை. போடுகிறவர் மூக்கோடு அது முடிந்துவிடும்.

பொடியின் அருமை அதன் பக்குவத்தில் இருக்கிறது. இலையை வறுத்து, இடித்து, சலித்து, சுண்ணாம்பும் நெய்யும் சேர்ப்பார்கள். டி.ஏ.எஸ். ரத்தினம் பட்டணம் பொடி பேர் வாங்கியது இந்த நெய் மணத்தால்தான் என்பேன். தாத்தா வாழை மட்டையைப் பிரித்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு சிட்டிகை எடுப்பார். மிச்சத்தை உதறிவிட்டு, ஒரு நாசியை அடைத்துக்கொண்டு சர்ரென்று இழுப்பார். முதலில் வருவது மணமே இல்லை, காரம். சுண்ணாம்பின் காரத்தன்மை நிக்கோட்டினை விடுவிக்கும். கூடவே அம்மோனியா நெடியும் கிளம்பும். கண்ணில் நீர் கோத்துவிடும். அது அடங்கியதும் உருக்கிய நெய்யின் வாசம் மெல்ல விரியும். கடைசியில் எஞ்சுவது வறுத்த இலை. வெயில்பட்ட வைக்கோலும் கொஞ்சம் மண்ணும் கலந்தாற்போல் இருக்கும். பொறுமை இல்லாதவர்கள் தும்மலோடு எழுந்து போய்விடுகிறார்கள். நெய் வரும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

பைப் புகையிலையில் வகைகள் அதிகம். சூளைக் காற்றில் உலர்த்திய வர்ஜீனியா இலையில் இனிப்பு தூக்கலாக இருக்கும். ஆவியில் வைத்து அழுத்திய கேவண்டிஷில் வெனிலாவும் ரம்மும் சேர்ப்பதுண்டு. அறையில் இருப்பவர்களுக்கெல்லாம் பிடிக்கும் மணம் அது. எனக்கு மிட்டாய்க் கடை ஞாபகம்தான் வரும். என் மனம் போவது லட்டாக்கியாவிடம். சைப்ரஸில் பைன், மிர்ட்டில் முதலிய மரங்களின் புகையில் வாட்டி எடுக்கும் கரிய இலை அது. டப்பாவைத் திறந்ததும் தோட்டத்து ஆட்கள் சட்டென்று ஸ்டோரை நினைத்துக்கொள்வார்கள். ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு, விறகுப் புகையில் நாட்கணக்கில் உலர்த்திய கொட்டகையின் மணம் அப்படியே இருக்கும். காரணம் இல்லாமல் இல்லை: விறகு எரியும்போது பிறக்கும் குவையகால் போன்ற பொருள்களே இரண்டிலும் ஏறுகின்றன. கோலகங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ 1877இல் ரப்பர் கன்றுகளை நட்ட மண்ணில் வளர்ந்தவர்களுக்கு லட்டாக்கியா அந்நியச் சரக்கே இல்லை.

இரண்டில் எது உயர்ந்தது என்றால் பொடியைத்தான் சொல்வேன். டப்பாவில் பைப் புகையிலை காட்டும் மணம் வேறு, பற்றவைத்த பிறகு வாயில் கிடைப்பது வேறு. நெருப்பு பாதியைத் தின்றுவிடும். புகைப்பவரைவிடப் பக்கத்தில் நிற்பவருக்கே அதன் நல்ல பங்கு போகிறது. பொடிக்கு நெருப்பு இல்லை. செய்தவன் சேர்த்த நெய் அப்படியே மூக்குக்கு வருகிறது. கைப்பக்குவம் சரியில்லாவிட்டால் மறைக்கவும் வழியில்லை.

பேராக்கின் புழுக்கம் மட்டும் பொடிக்குப் பகை. காற்றுப் புகாத டப்பாவில் நல்ல வர்ஜீனியா வருடக்கணக்கில் மெருகேறும். பொடியில் உள்ள நெய்யோ சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும். அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் பெரிய டப்பாவாக வாங்கி வைக்காமல், சின்ன மட்டையாகவே வாங்கினார்கள்.