சூனியக்காரியின் சரம்

இங்கிலாந்துக் கடற்கரையில் இயற்கையாகவே துளை விழுந்த கற்கள் கிடைக்கும். அந்நாட்டுக் குடியானவன் அப்படியொரு கல்லைக் குதிரை லாயத்தில் கட்டித் தொங்கவிட்டான். எதற்கு? இரவில் சூனியக்காரி வந்து குதிரைமேல் ஏறி ஓட்டிக் களைக்க வைக்காமலிருக்க! ரோவன் என்ற மரத்தின் குச்சிகளைச் சிவப்பு நூலால் சிலுவையாகக் கட்டி வைத்ததும் அவளை விரட்டத்தான். இன்று கைவேலைக்காரர்கள் இவற்றையே சூனியக்காரியின் நகை என்று சரமாகக் கோத்து விற்கிறார்கள். 1951-ல் சூனியச் சட்டம் ரத்தானபின், சூனியக்காரி என்று பகிரங்கமாகவே சொல்லிக்கொள்ளலாம், வாடிக்கைக்காரியை விரட்டலாமா? அதை மன்னித்துவிடுகிறேன். கல்லை இயந்திரத்தால் துளைத்து விற்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மனிதன் கை படாத துளை என்பதுதானே அதன் மகிமை முழுவதும்!

அவர்கள் கோக்கும் ஜெட் மணியை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. விட்பி ஊர்ப் பாறைகளில் அகப்படும் இந்தக் கரிய பொருள் உண்மையில் கல்லே அல்ல. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் புதைந்த மரம். 1861-ல் கணவனை இழந்த விக்டோரியா ராணி அணிந்ததால் துக்க நகையாகப் பிரபலமாயிற்று. இப்போது அம்பர் என்ற மரப்பிசின் மணியோடு மாற்றி மாற்றிக் கோத்துச் சூனியப் பூசாரிணிகள் அணிகிறார்கள். மரமும் பிசினும்! எவ்வளவு பொருத்தம்! வாங்குகிறவர்கள் கன்னத்தில் ஒற்றிப் பார்க்கட்டும். போலியான கறுப்புக் கண்ணாடி மணி சில்லென்றிருக்கும், கனக்கும், ஜெட் குளிராது.