கன்னி முயற்சியும் கண்ணின் பயிற்சியும்

கலையுலகிற் கன்னி முயற்சிகளுக்கெனத் தனியானதொரு சலுகை வழங்கப்பட்டு வருகின்றது. பணமும் கருவியும் அனுபவமுமின்றி முதற்படம் எடுக்க முனையும் இளைஞர் யாவருக்கும் கேடயமாக அமைவது சத்யஜித் ராயின் ‘பாதேர் பாஞ்சாலி’ (1955) ஆகும். விளம்பர நிறுவனமொன்றிற் பணியாற்றிய ராய் அதற்குமுன் எப்படத்தையும் நெறிப்படுத்தியவரல்லர். ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ராவோ திரைப்படக் கமராவை அதுவரை இயக்கியறியாத, 21 வயது இளைஞர். காப்புறுதிப் பத்திரமும் மனைவியின் நகைகளும் ஈடுவைக்கப்பட்டே படம் வளர்ந்தது. அவர்களுக்கு இயன்றது எமக்கு ஏன் இயலாது என்பதே பலரது வாதம்.

இவ்வாதம் ஓர் உண்மையை மறைத்துவிடுகின்றது. ராய் தொழிலுக்குப் புதியவர், பார்வைக்குப் புதியவரல்லர். 1947 இல் கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தோற்றுவித்தோருள் அவரும் ஒருவர். பிபூதிபூஷணின் மூலநாவலின் சுருக்கப் பதிப்புக்குச் சித்திரங்கள் வரைந்தவரும் அவரே. பிரெஞ்சு நெறியாளர் ரெனுவார் ‘நதி’ என்னும் படத்துக்காக வங்காளத்தில் இடந்தேடியபோது உடன் சென்றார். 1950 இல் இலண்டனிற் கழித்த சில மாதங்களுள் ஏறத்தாழ நூறு படங்களைப் பார்த்தார். டி சிக்காவின் ‘சைக்கிள் திருடர்கள்’ அவற்றுள் ஒன்று. கமராவைத் தொடுமுன்னரே கண் பயின்றுவிட்டது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

அப்பயிற்சியின் பயனைப் படப்பிடிப்பின் முதல் நாளிலேயே காணலாம். 1952 ஒக்ரோபரில், நாணற்பூக்கள் வெண்மையாய்ப் பூத்த வெளியிற் சிறுவன் அப்பு தன் அக்காளைத் தேடி நடக்கும் காட்சி படமாக்கப்பட்டது. நடிப்பறியாத சிறுவனுக்கு நடிப்பைக் கற்பிக்க ராய் முற்படவில்லை. அவன் செல்லும் வழியிற் சுள்ளிகளைப் போட்டார். புதர் மறைவிலிருந்து அவனைப் பெயர்சொல்லி அழைப்பித்தார். தடையைக் கடக்கும் தயக்கமும் திரும்பிப் பார்க்கும் வியப்பும் இயல்பாகவே பிறந்தன. அடுத்த வாரம் சென்றபோது கால்நடைகள் பூக்களை மேய்ந்துவிட்டிருந்தன. ராய் வேறொரு வெளியைத் தேடிச் சமாளிக்கவில்லை. மறுபருவம் பூக்கும்வரை காத்திருந்தார். கையிற் பணமில்லாதவரே காலத்தைத் தாராளமாகச் செலவிட்டார்.

துர்க்கா இறந்ததை அறியாத தந்தை அவளுக்கெனச் சேலையுடன் திரும்பும் காட்சியை நோக்குவோம். தாய் கதறுகின்றாள், அவள் குரல் எமக்குக் கேட்பதில்லை. அதனிடத்தைத் தார்ஷெனாய் என்னும் வாத்தியத்தின் உச்ச ஒலி நிரப்புகின்றது. எதனைக் கேட்கச் செய்வது, எதனை விலக்குவது என்ற இத்தெளிவைச் செல்வம் தருவதுமில்லை, வறுமை தடுப்பதுமில்லை. படத்தின் முற்பகுதியில் ஆங்காங்கே தொகுப்பின் தளர்ச்சி தென்படுவது மெய்யே. ஆயினும் அது கற்றுக்கொண்டிருப்பவரின் தளர்ச்சியேயன்றி அக்கறையற்றவரின் அசட்டை அன்று.

எமது நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. சிங்களப் படங்கள் தென்னிந்தியக் கலையகங்களின் வார்ப்பில் உருவாகிய காலத்தில், லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் ‘ரேகாவ’ (1956) மூலம் கமராவைக் கிராமத்து வெளிக்குக் கொண்டுவந்தார். அது அவரது முதல் முழுநீளப் படம். ஆயினும் 1949 இலேயே குறும்படம் எடுத்துப் பழகியவர் அவர். அவரும், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக்கும், தொகுப்பாளர் ரைற்றஸ் தொட்டவத்தவும் அரசாங்கத் திரைப்படப் பிரிவிலே பணிபுரிந்து, பின்னர் அதனைவிட்டு வெளியேறியவர்கள். இங்கும் துணிவுக்கு முன்னே பயிற்சி நிற்கின்றது.

இன்று கைத்தொலைபேசியே கமராவாகிவிட்டது. கருவியின்மை என்னும் முறைப்பாடு பெருமளவு வலுவிழந்துவிட்டது. எனினும் எம்மிடையே தோன்றும் தமிழ்க் குறும்படங்களிற் பல, தமிழகத்து வணிகப் படங்களின் கோணங்களையும் பின்னணி இசையின் ஆரவாரத்தையுமே இரவல் வாங்குகின்றன. “எம்மவர் முயற்சி” என்று அவற்றுக்குச் சலுகைப் புள்ளி வழங்கும் விமர்சனம் அன்பினாற் செய்யப்படுவதாயினும் தீங்கானதே. வளரவேண்டியவனை அது தொடக்கத்திலேயே நிறுத்திவிடுகின்றது.

எனவே முதற்படம் எடுக்க விழையும் மாணவன் கேட்கவேண்டிய வினா “என்னிடம் என்ன இல்லை?” என்பதன்று; “நான் எதனை உற்றுப் பார்த்திருக்கின்றேன்?” என்பதாகும். விமர்சகனும் அவ்வினாவையே அவனிடம் தயவுதாட்சண்யமின்றி எழுப்புதல் வேண்டும். பூக்கள் மறுபடி மலரும்வரை காத்திருக்கும் பொறுமை எவராலும் இரவலாகத் தரப்படுவதன்று.