ஒற்றைக் கண்ணி

பெங்களூர் சர்ச் ஸ்ட்ரீட்டின் புத்தகக் கடைகளில் மாலை மாலையாக அலைந்து நான் சேர்த்த பழைய புத்தகங்களுக்குள், ஒன்றரை அங்குல அகலமும் ஏழு அங்குல நீளமும் கொண்ட வெள்ளைப் பருத்திநூல் பக்கக்குறிகள் ஒரு டஜனுக்கு மேல் குடியிருக்கின்றன. அனைத்தும் அல்சூரில் எங்களோடு வாழ்ந்த பெரியம்மா குரோஷா ஊசியால் பின்னியவை. தாளிலும் தோலிலும் பித்தளைத் தகட்டிலும் செய்த பக்கக்குறிகள் எனக்குப் பரிச்சயமே என்றாலும், மூடிய புத்தகத்துக்குள் கண்ணில் படாமல் கிடப்பதற்கென்றே இத்தனை சிரத்தையோடு செய்யப்படும் அலங்காரப் பொருள் வேறொன்றை நான் அறியேன்.

அதன் சூட்சுமமெல்லாம் ஊசிக் கொக்கியில் நிற்கும் ஒரே ஒரு கண்ணியில் இருக்கிறது. இரண்டு ஊசிகளால் கம்பளி பின்னுகிறவர்கள் ஒரு வரிசைக் கண்ணிகள் அத்தனையையும் ஊசியில் ஏந்திக்கொண்டிருக்க, குரோஷாவில் பெரும்பாலும் உயிரோடிருப்பது ஒற்றைக் கண்ணிதான். அதை நழுவவிட்டு நூலை இழுத்தால் ஒரு வாரத்து வேலை ஒரு நிமிஷத்தில் வெறும் நூலாகிவிடும். இருபதாம் நம்பர் நூலை இடக்கைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆள்காட்டி விரலின்மேல் ஏற்றி, ஒன்றேகால் மில்லிமீட்டர் எஃகு ஊசியால் கண்ணிக்குள் கண்ணியாக இழுத்துவரச் சங்கிலி வளர்கிறது. அதன்மேல் ஒரு தூண், இரண்டு சங்கிலி, மறுபடி ஒரு தூண் என்று எழுப்பினால் பலகணி போல ஒரு வெற்றுக் கட்டம். இரண்டு சங்கிலிக்குப் பதிலாக அவ்விடத்தில் இரண்டு தூண்களை நிறுத்தினால் நிறைந்த கட்டம். இவ்விரண்டை மட்டுமே முதலாகக் கொண்டு, ஒன்பது கட்ட அகலத்துக்குள் பெரியம்மா அன்னமும் துளசி மாடமும் பூத்த கொடியும் வரவழைத்துவிடுவார்.

ஒரு பின்னல் கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது வெற்றுக் கட்டங்களைத்தான். உருவம் நிறைந்த கட்டங்களில் தெரியும். பின்னியவரின் நிதானமோ வெற்றுக் கட்டங்களில்தான் தெரியும். நூலின் இறுக்கம் மயிரிழை பிசகினாலும் சதுரம் கோணிக்கொள்ளும், ஓரம் நெளியும். ஒருமுறை பெரியம்மா, என் கண்ணுக்குச் சற்றும் புலப்படாத ஒரு பிசகுக்காகப் பதினோரு வரிசைகளைப் பிரித்தார். பிரித்த நூல் இடியாப்பம் போலச் சுருண்டு மடியில் விழுந்தது. "உள்ளே போகிற சாமான்தானே, பெரியம்மா?" என்றேன். "உள்ளே போறதாலேதான்டா. அமுங்கி அமுங்கி இந்தக் கோணல் அப்படியே பக்கத்திலே பதிஞ்சுடும்" என்று சொல்லிவிட்டு, அதே நூலை நீவி நீவி மறுபடி பின்னலானார்.

நூலைப் பற்றியும் சொல்லவேண்டும். சிக்பேட்டைக் கடைகளில் அவர் கேட்டு வாங்கியது ஆங்கர் நூல்கண்டு. பருத்தி நூலை விறைப்பாகப் பிடித்து எரிசோடாக் கரைசலில் நனைத்தெடுப்பதால் அதற்குப் பட்டின் பளபளப்பு வருகிறது. பிசிறு அடங்கி ஒவ்வொரு தூணும் தனித்தனியே துலங்குகிறது. அந்த நூலை விற்கும் மதுரா கோட்ஸின் தலைமையகம் இன்று பெங்களூரில் இருக்கிறது. அதன் வேரோ, பாபநாசத்தில் தாமிரபரணியின் விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய ஆலையில் இருக்கிறது. அந்த ஹார்விகளின் நிர்வாகத்தில் இருந்த தூத்துக்குடி கோரல் மில்லில்தான் 1908-இல் வ.உ. சிதம்பரனார் தொழிலாளர்களுக்காக வேலைநிறுத்தம் நடத்தினார். ஒரு கண்டு நூலைக் கையில் எடுக்கும்போது அந்த ஆலைகளில் நின்று உழைத்தவர்களை நினையாதிருக்க என்னால் முடிவதில்லை. பின்னியவர்கள் கதையும் இலேசானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பஞ்சத்தில் வாடிய அயர்லாந்தின் குடும்பங்களுக்கு இந்த ஊசி கஞ்சி வார்த்தது. பாதிரிமார் வழியாகக் கோதாவரிக் கரை நரசாபுரத்துக்கு வந்து, இன்றும் அங்கே ஆயிரக்கணக்கான பெண்களின் ஜீவனமாக இருக்கிறது. அவ்வூர்ப் பின்னலுக்கு 2024-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பெங்களூரில் இந்த ஊசி இப்போது பெரும்பாலும் கல்யாணப் பட்டுப்புடவைகளின் முந்தானைக் குச்சிலேயே ஓடுகிறது. மணி கோத்து, வளைவு வளைவாகப் பின்னி, நுனியில் குஞ்சம் தொங்கவிடும் பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பெரியம்மாவின் பக்கக்குறி நுனியிலும் அப்படியொரு சிறு குச்சு உண்டு. புத்தகத்துக்கு வெளியே தலைகாட்டுவது அது மட்டுமே. ஆனால் முந்தானைக்குத் தகுந்த ஆடம்பரம் பக்கக்குறிக்குத் தகாது என்பது என் திடமான அபிப்பிராயம். அடுக்கடுக்காக இதழ் எழும்பிய ரோஜாக்களை வைத்துப் பின்னிய பக்கக்குறிகளை இப்போது பரிசாகத் தருகிறார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கின்றன. ஆயினும் புத்தகம் மூடாமல் வாய் பிளந்து நிற்கிறது, நாளடைவில் முதுகுத் தையல் விட்டுப்போகிறது. பெரியம்மா பின்னி முடித்ததை நீர்த்த அரிசிக் கஞ்சியில் நனைத்து, துணி விரித்த பலகையில் துருப்பிடிக்காத குண்டூசிகளால் நாற்புறமும் இழுத்துக் குத்தி, நிழலில் உலர்த்துவார். கஞ்சி ஒரு பிடி கெட்டியானாலும் கட்டங்களில் திட்டுத்திட்டாக அடைத்துக்கொள்ளும். சரியாக உலர்ந்தது இரண்டு தாள்களுக்கு நடுவே மூன்றாவது தாள் போல அடங்கிவிடும்.

நன்னூலில் சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூல் நூற்கும் பெண்ணாகவும் வைத்து நூலுக்கு விளக்கம் சொன்னவர் பவணந்தி முனிவர். அவரை ஆதரித்த சீயகங்கன், பெங்களூருக்குக் கிழக்கே உள்ள கோலாரைத் தன் குலத்தின் பழம்பதியாகக் கொண்ட கங்கர் மரபினன். அந்த உறவைக் கருதியே என் நன்னூல் பிரதியில் அன்னம் பின்னிய பக்கக்குறியை வைத்திருந்தேன். பல வருஷங்களுக்குப் பிறகு சென்ற மாதம் அதை எடுத்தபோது, பழுத்த தாளில் கட்டம் கட்டமாக அதன் சுவடு மேடிட்டிருந்தது. சாளரத்தருகே கொண்டுபோய் விரலால் தடவிப் பார்த்தேன்; அன்னத்தின் கழுத்து வளைவு விரலுக்குத் தட்டுப்பட்டது, சதுரங்களில் ஒன்றுகூடக் கோணவில்லை.