வோபானின் கணக்கும் லக்லோவின் கடிதமும்

1782ஆம் ஆண்டு பிரான்சிலே ‘ஆபத்தான உறவுகள்’ என்னும் நாவல் வெளியாயிற்று. பிரபுக்கள் வாழ்வின் உள்ளழுகலை 175 கடிதங்களின் வாயிலாகக் காட்டும் அந்நூலை எழுதியவர் சொதெர்லோ த லக்லோ என்ற பீரங்கிப் படை அதிகாரி. அதே ஆண்டு ஏப்ரல் 12ஆம் திகதி, திருகோணமலைக்குத் தெற்கே எமது கரையோரக் கடலில், புரோவிடியன் எனக் கடற்போர் நூல்கள் குறிக்கும் பாறைத் தீவின் அண்மையில், சுஃப்ரனின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூசின் ஆங்கிலக் கப்பல்களும் மோதிக்கொண்டன. முதலாவது செய்தி இலக்கிய மாணவருக்குத் தெரியும். இரண்டாவது சரித்திர மாணவருக்குத் தெரியும். இரண்டும் ஒரே அடுப்பில் வெந்தவை என்பதை இரு சாராரும் கவனிப்பதில்லை.

அந்த அடுப்பு, பிரெஞ்சு அரசு தன் செலவிலே வளர்த்தெடுத்த படைத்தொழில் அறிஞர் கூட்டம். கோட்டை கட்டுதல், கப்பல் கட்டுதல், பீரங்கி வார்த்தல், வெடிமருந்து செய்தல் ஆகியவற்றைக் கைவினைஞரின் பரம்பரைச் சொத்தாக விட்டுவிடாது, கணிதம் கற்ற அரச ஊழியரின் பொறுப்பாக்கியது அந்நாட்டு முடியரசு. 1748இல் மெசியேர் நகரில் படைப் பொறியியற் கல்லூரி தோன்றியது. 1765இல் ஓர் அரசாணை அரச கப்பல் தச்சர்களைப் பொறியியலாளராக்கிற்று. புரட்சியின் நடுவே, 1794இல், பின்னர் போலித்தெக்னிக் எனப் பெயர் பெற்ற கல்லூரி எழுந்தது. 1804இல் நெப்போலியன் அதனைப் படைமுறைக் கல்லூரியாக மாற்றினான். மன்னர் போயினர், பேரரசர் வந்து போயினர், குடியரசுகள் ஒன்றின்பின் ஒன்றாய் மாறின. இந்தக் கூட்டம் மட்டும் போகவில்லை. கப்பல், வானூர்தி, வெடிமருந்து, படைக்கலம் எனப் பிரிந்து கிடந்த பொறியியற் சேவைகள் 1968இல் ‘ஆயுதப் பொறியியலாளர் சேவை’ என ஒன்றாயின. எந்த ஆயுதம் வேண்டும், அதனை யார் செய்வது, செய்தது தேறிற்றா என்பவற்றைத் தீர்மானிப்பதிலே இச்சேவையினருக்கு இன்றும் பெரும் பங்குண்டு.

தூரதேசத்துச் செய்தி எமக்கெதற்கு என்பார், கொட்டியாரக் குடாவின் கதையைச் சிறிது புரட்டிப் பார்க்கலாம். 1672இல் த லா ஹே என்பவனின் தலைமையிலே பிரெஞ்சுக் கப்பல்கள் இக்குடாவினுள் நுழைந்தன. ஒல்லாந்தரை ஓட்ட ஒரு துணை கிடைத்ததென எண்ணிய கண்டி மன்னன் இராசசிங்கன் இடமளித்தான். வந்தவர்கள் குடாவிலே அரண் அமைக்கத் தொடங்கினர். சில மாதங்களுக்குள் ஒல்லாந்தர் அவர்களை வெளியேற்றினர். 110 ஆண்டுகள் கழித்து சுஃப்ரன் வந்தபோதும் நிலைமை பெரிதும் மாறியிருக்கவில்லை. புரோவிடியன் சண்டையில் அடிபட்ட கப்பல்களை மட்டக்களப்புக் கரையில் நிறுத்தித்தான் ஒட்டுப்போட வேண்டியிருந்தது. ஆகஸ்டு 31இல் திருகோணமலை அவன் கைக்கு வந்தது. செப்டெம்பர் 3இல் மீண்டும் கடற்சமர். சில நாட்களில் துறைமுக வாயிலிலேயே ‘ஒரியான்’ என்ற அவனுடைய பெருங்கப்பல் பாறையில் மோதி உடைந்தது. அதன் பாய்மரங்களைக் கழற்றி மற்றக் கப்பல்களுக்கு நட்டார்கள். பாரிசின் பள்ளியறையிலே கணிதம் கொண்டு வகுத்த கப்பல், எமது துறையிலே இன்னொரு கப்பலின் எலும்பை எடுத்துத்தான் நிமிர்ந்து நின்றது. இக்கதையைக் கூறும் நூல்களில் நாம் பார்த்தவை யாவும் தளபதியின் பெருமையையே பாடுகின்றன. மரந்தறித்தவன், வடம் இழுத்தவன், தண்ணீர்ப் பீப்பாய் சுமந்தவன் யாரென்று ஒரு வரியும் இல்லை.

எனினும், இந்தக் கூட்டத்திலிருந்தே இரண்டு எழுத்துக்கள் பிறந்தன. அவற்றைப் பற்றியே ஈண்டு பேச விரும்புகிறோம். ஒன்று, வோபான் 1707இல் வெளியிட்ட ‘அரச பத்திலொன்று’ என்னும் வரி பற்றிய நூல். மற்றது, லக்லோ 1786இல் பிரெஞ்சு அக்கடமிக்கு எழுதிய பகிரங்கக் கடிதம். இரண்டும் கற்பனை இலக்கியமல்ல. ஆயினும் நாவல்கள் பல தொட அஞ்சிய இடத்தை இவை தொட்டன.

வோபான் பதினான்காம் லூயியின் கோட்டைகளுக்கெல்லாம் அதிபதி. 1703இல் மார்ஷல் பட்டம் பெற்றவர். ஐம்பதுக்கு அண்மையான முற்றுகைகளை நடத்தியவர் என்பர். கோட்டைகளைப் பார்வையிட ஆயுள் முழுவதும் நாட்டின் எல்லைக்கு எல்லை அலைந்த மனிதர். அலைந்த வழியிலே கிராமங்களைக் கண்டார். கண்டதை இரங்கற்பாவாகப் பாடாமல் எண்ணத் தொடங்கினார். மக்களில் பத்திலொரு பங்கினர் பிச்சைக்காரராகி விட்டனர் என்றும், அடுத்துள்ள ஐந்து பங்கினர் பிச்சை இடவும் இயலாத நிலையினர் என்றும், செழிப்போடு வாழ்வோர் தொகை விரல்விட்டு எண்ணத்தக்க சில ஆயிரம் குடும்பங்களே என்றும் அவர் கணக்கு விரிகிறது. இந்நூலிலே எம்மை மிகவும் கவர்ந்த பகுதி ஒரு நெசவாளியின் ஆண்டுக் கணக்காகும். 365 நாட்கள். ஞாயிறு 52ஐக் கழி. திருநாள் 38ஐக் கழி. உறைபனியால் கை விறைத்து வேலை நின்ற நாள் 50. சந்தைக்கும் பிற அலுவலுக்கும் போன நாள் 20. நோயிலே படுத்த நாள் 25. எஞ்சுவது 180. இந்த 180 நாட் கூலியிலே உப்பு வரி எவ்வளவு, தானியம் எவ்வளவு, மிஞ்சும் காசிலே ஒரு குடும்பம் எதனை உடுப்பது என்று கேட்கிறார் மார்ஷல். கோட்டை மதிலுக்கு எத்தனை கனவடி கல் என்று கணித்த அதே கை, ஒரு நெசவாளியின் வயிற்றுக்கு எத்தனை பிடி தானியம் என்று கணிக்கிறது. நடையிலே அலங்காரம் ஒன்றும் இல்லை. அதுவே அதன் வலிமை. பஞ்சத்தைப் பற்றி எமது மொழியில் எழுதப்பட்ட கண்ணீர்க் கதைகள் பல ஏன் மனத்தில் நிற்பதில்லை என்பதற்கு இந்த அட்டவணை ஒரு விடையாகக்கூடும்.

பிரபுவும் குருவானவரும் குடியானவனும் ஒரே விகிதத்திலே வரி செலுத்த வேண்டும், அதுவும் வருவாயில் பத்திலொன்றைத் தாண்டலாகாது என்பது நூலின் முடிபு. 1707 பெப்ரவரியிலும் மார்ச்சிலும் அரச மன்று நூலைத் தடைசெய்தது. மார்ச் 30இல் வோபான் காலமானார்.

இவ்வளவும் கூறியபின் குறையையும் கூறாது விடுதல் முறையன்று. அந்தக் குடியானவனின் உப்பு வரி எங்கே போயிற்று? பெரும் பகுதி போருக்கும் கோட்டைக்கும் போயிற்று. நூலாசிரியரே கட்டிய கோட்டைக்கு! வறுமையைத் துல்லியமாக அளந்தவர், அளவுகோலைத் தன் மதிலின் பக்கம் திருப்பவேயில்லை. வரிவிதிப்பைச் சீராக்கினால் மன்னனின் பொக்கிசம் நிறையும், போரும் தடையின்றி நடக்கும் என்பதே அவருடைய உள்ளக்கிடக்கை. அவர் நேர்மையானவர் என்பதில் எமக்கு ஐயமில்லை. அந்த நேர்மைக்கு எல்லை வகுத்தது அவர் அணிந்த சீருடை.

அந்த எல்லையை எண்பது ஆண்டுகளின் பின் மீறியவர் லக்லோ. இடைக்காலத்தில் வோபான் ஒரு தெய்வமாகி விட்டிருந்தார். அவரைப் புகழ்ந்து எழுதுவோருக்குப் பரிசு தருவதாக அறிஞர் கழகங்கள் அறிவித்தன. படைப் பொறியியல் அதிகாரியான இளைஞர் கார்னோ 1784இல் டிஜோன் நகரக் கழகத்தின் பரிசைப் பெற்றார். பிரெஞ்சு அக்கடமியும் அத்தகைய புகழுரையைக் கோரியபோதுதான் லக்லோவுக்குப் பொறுக்கவில்லை. தீவொன்றில் மொந்தலம்பேரின் புதுமுறைக் கோட்டை வேலைக்குத் துணைநின்ற அனுபவம் அவருக்கிருந்தது. கோட்டையைத் தாக்கும் கலையை நிறைவாக்கிய வோபான், காக்கும் கலையை அதே அளவுக்கு வளர்க்கவில்லை, வளராத அக்கலைக்கு நாடு கொட்டிய பணமோ அளவற்றது, இதற்கா புகழுரை? அவரது கேள்வியின் சாரம் இதுவாகும்.

திருகோணமலைக்காரருக்கு இக்கேள்வி புதிதாய்த் தோன்றாது. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பறித்த கோட்டையை, ஆகஸ்டிலே சுஃப்ரன் ஒரு வாரத்துக்குள் பறித்தான். அமைதி உடன்படிக்கைப்படி அது மறுபடியும் ஒல்லாந்தருக்குப் போயிற்று. 1795 ஆகஸ்டில் ஆங்கிலேயர் மீண்டும் எடுத்துக்கொண்டனர். விழுந்தது மதிலின் குற்றமா, காவற்படை சிறிதாயிருந்ததன் குற்றமா என்று வாதிடலாம். கல் சுமந்தவனுக்கு எல்லாம் ஒன்றுதான்.

லக்லோவின் கடிதத்துக்குக் கிடைத்த மறுமொழி என்ன? பொறியியற் சேவையினர் கொதித்தெழுந்தனர். ‘பீரங்கிக்காரனுக்கு மதிலைப் பற்றி என்ன தெரியும்’ என்ற தோரணை. மேலிடம் அவரைக் கண்டித்துப் படைப்பிரிவுக்குத் திருப்பி அனுப்பியது. பிரபு வர்க்கத்தின் படுக்கையறையை அம்பலப்படுத்திய நாவலைப் பொறுத்துக்கொண்ட அரசு, கோட்டைச் செலவைத் தொட்ட சில பக்கங்களைப் பொறுக்கவில்லை. விமரிசகர்கள் நாவலையே ஓயாது பேசிக் கடிதத்தை அடிக்குறிப்பில் ஒதுக்குவது எமக்கு நியாயமாகப் படவில்லை. ஆயினும் லக்லோவும் கடைசிப் படியில் கால் வைத்தவரல்லர். அவர் மறுத்தது வோபானின் கோட்டையை. மொந்தலம்பேரின் கோட்டையை அன்று. புரட்சிக் காலத்திலே அவரே உள்ளீடற்ற வெடிகுண்டைப் பரிசோதிக்கும் வேலையில் இறங்கினார்.

இன்றைய ஆயுதப் பொறியியலாளரிடம் வருவோம். போலித்தெக்னிக் மாணவரிடையே இரண்டு வழக்குச் சொற்கள் உண்டு. தேர்வில் முன்வரிசையில் நின்று அரச சேவைகளுள் நுழைவது ‘சப்பாத்து’. அரச சேவையை விட்டுத் தனியார் கம்பனிக்குப் போவது ‘செருப்பு’. நேற்றுவரை அரசுக்காக விலைபேசியவர், நாளை விற்பவரின் பக்கத்திலே நாற்காலி போட்டு அமர்வதை இந்தச் செருப்பு எவ்வளவு ஒலியின்றி நடத்திவிடுகிறது! வோபானின் காலத்தில் அரசும் ஆயுதசாலையும் ஒன்றாயிருந்தன. அரச கப்பற் கட்டுமானத் துறை 2003இல் கம்பனியாயிற்று. 2017இல் அதன் பெயர் ‘நேவல் குரூப்’ ஆயிற்று. அதன் வடிவமைப்பிலே மும்பாயில் இந்தியாவுக்கு ஆறு நீர்மூழ்கிகள் கட்டப்பட்டன. கணிதம் அன்று போலவே துல்லியமானது. ஆனால் ஒரு நெசவாளியின் 180 நாளை எண்ணும் மார்ஷல் ஒருவர் அந்தச் சேவையிலிருந்து மறுபடி எழவில்லை.

வெருகல் வாசகருக்கு இதனை இன்னும் நெருக்கமாகச் சொல்லலாம். பிரெஞ்சு அரசின் தேவைக்கென தசோ கம்பனி வகுத்த மிராஜ் வானூர்தியின் வழியில், இஸ்ரேல் கேட்டதன்பேரில் மிராஜ் 5 உருவாயிற்று. 1967இல் பிரான்சு விற்பனையைத் தடுக்கவே, இஸ்ரேல் அவ்வடிவைத் தானே செய்து, அமெரிக்க இயந்திரம் பொருத்தி, ‘சிங்கக்குட்டி’ எனப் பொருள்படும் பெயரையும் இட்டது. கிபிர்! 1996 முதல் இலங்கை விமானப்படையிலே அது பறந்தது. 2006 ஜூலையில் மாவிலாற்று மதகை விடுதலைப் புலிகள் மூடினர், வயலுக்கும் குடிக்கும் நீரின்றிக் கீழுள்ள மக்கள் தவித்தனர், விமானப்படை குண்டுவீசியது, போர் மீண்டும் மூண்டது. அந்நாட்களிலே பள்ளிப் பிள்ளைகளாயிருந்த நாம் அந்த இரைச்சலைக் கேட்டே பெயரைக் கற்றோம். அதன் சிறகுக்குக் கோடு கீறியவர் யாரென்று அன்று கேட்கத் தோன்றவில்லை. ஓடத்தான் தோன்றியது.

வெருகலாற்றைப் பாதையிலே ஏறிக் கடந்த காலம் ஊரிலே பலருக்கு நினைவிருக்கும். வெள்ளம் வந்தால் பாதை நிற்கும். மட்டக்களப்பும் திருகோணமலையும் இரு வேறு நாடுகளாகிவிடும். போர் முடிந்தபின் அங்கே பாலம் எழுந்தது. கடனுதவி தந்தது பிரெஞ்சு அரசின் அபிவிருத்தி முகவரகம். பாலத்துக்கு நாம் நன்றியுடையோம். அதனைத் தினமும் கடந்தே பள்ளிக்குப் போகிறோம். 1672இல் இக்குடாவுக்கு வந்த பிரெஞ்சுப் பொறியியல் முதன்முறையாக எமது ஆற்றுக்குக் குறுக்கே ஒரு மனிதன் நடக்க உதவியதற்கு இவ்வளவு காலம் சென்றது என்பதையும் கூடவே குறித்துவைக்கிறோம்.

உயர்தர வகுப்பிலே கணிதம் எடுக்கும் பிள்ளைகளிடம் என்னவாக விருப்பமென்று கேட்டால், கெட்டிக்காரர் பாதிப்பேர் பொறியியலாளர் என்பர். அவர்களுக்கு வோபானின் கழித்தற் கணக்கை ஒருநாள் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். நெசவாளிக்குப் பதிலாகத் தத்தம் தந்தையை வைத்துச் செய்யும்படி கூறினோம். உறைபனியை அழித்து வெள்ளம் என்று எழுதினர். வெருகல் முருகன் கோயிற் திருவிழா நாட்களைக் கழித்தனர். கடல் கொந்தளித்த நாள், யானைக்குக் காவலிருந்து விழித்த இரவின் மறுநாள், ஆசுப்பத்திரி நாள். பலருடைய விடை 180ஐ எட்டவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, அப்பா இடம்பெயர்ந்து முகாமிலிருந்த நாட்களை எந்த வரியிலே கழிப்பது, ஐயா, என்று கேட்டாள். வோபானின் பட்டியலில் அதற்கு வரி கிடையாது. கரும்பலகையின் அடியிலே மீதியிருந்த இடத்தில் ஒரு கோடு கீறிக் கொடுத்தோம். அவள் வந்து எழுதினாள்.