டெபியனின் பொறுமை

திறந்த மூல மென்பொருள்களைத் தொகுத்து வழங்கும் டெபியன் திட்டம் 1993-இல் தொடங்கியது. இதில் புதிய நிரல் முதலில் 'அன்ஸ்டேபிள்' என்னும் கிளையில் நுழையும். பெரும்பழுது தென்படாவிடில் சில நாட்களில் 'டெஸ்டிங்' கிளைக்கு நகரும். பின்னர் அக்கிளையில் புதியன புகவிடாமல், பழுதுகளை மட்டுமே நீக்குவர். அதன்பின்தான் 'ஸ்டேபிள்' பதிப்பு வெளியாகும்.

ஏட்டளவில் குறை சொல்ல முடியாத முறைதான். ஆனால் 2002 ஜூலையில் வந்த 3.0 பதிப்புக்கு அடுத்தது 2005 ஜூனில்தான் வந்தது. ஏறத்தாழ மூன்றாண்டுகள்! அதற்குள் கடைக்கு வந்த கருவிகள் பலவற்றைப் பழைய பதிப்பு அறியாது. இதைப் பொறுமை என்பதைவிடத் தாமதம் என்பதே பொருந்தும். டெபியனையே அடிப்படையாகக் கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்று 2004 அக்டோபரில் உபுண்டு புறப்பட்டதில் வியப்பில்லை. பின்னர் டெபியனும் ஏறக்குறைய ஈராண்டுக்கு ஒருமுறை என்று சீர்பட்டது.

அப்படியானால் அடிக்கடி வெளியிடுவதே மேலா? 2024-இல் நடந்ததைப் பாருங்கள். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளவழி ஒன்று ஒளித்துவைக்கப்பட்டது. வைத்தவர், நெடுநாள் உதவியாளராக நடித்து நம்பிக்கை பெற்றவர்! அது டெபியனின் முதலிரு கிளைகளிலும் புகுந்தது, ஸ்டேபிளை எட்டவில்லை.

இதற்காக ஸ்டேபிள் அன்பர்கள் மார்தட்ட வேண்டாம். தொலைவிலிருந்து கணிப்பொறியினுள் நுழைய அரை வினாடி கூடுகிறதே என்று ஐயுற்று அதைக் கண்டுபிடித்த ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட், அன்ஸ்டேபிளை ஓட்டிக்கொண்டிருந்தவர். ஆய்வுக்கூடக் கணிப்பொறிக்கு நான் ஸ்டேபிளையே பரிந்துரைப்பேன். வீட்டில் வேறொன்று இருப்பவர் டெஸ்டிங்கை ஓட்டி, கண்ட பழுதை எழுதி அனுப்பலாம்.