ஒளியின் ஆட்சியும் பொருளின் பங்கும்

பொலாரிற்றன் பற்றிய ஆய்வெழுத்துக்களில் ‘கட்டுப்படுத்தல்’ என்ற சொல் மிகத் தாராளமாகப் புழங்குகின்றது. இலேசரின் முனைவாக்கத்தைத் தெரிவுசெய்தால் துணிக்கையின் தற்சுழற்சியையும் தெரிவுசெய்தவராவோம் என்பதே அதன் உட்கிடை. இது எவ்வளவு தூரம் பொருந்தும்?

1992 இல் வைஸ்பூக் முதலானோர் குறைகடத்தி நுண்குழியொன்றில் ஒளியும் எக்சிற்றனும் வன்மையாகப் பிணைவதைக் காட்டினர். அப்பிணைப்பிற் பிறப்பதே பொலாரிற்றன். வலஞ்சுழி வட்ட முனைவாக்க ஒளி ஒரு தற்சுழற்சி நிலையையும் இடஞ்சுழி ஒளி மற்றையதையும் எழுப்புகின்றன. இந்த அளவில் ஒளியே ஆள்கின்றது என்பதில் ஐயமில்லை.

ஆனால், 2005 இல் கவோக்கின், மல்ப்பூவெக், கிளாசோவ் ஆகியோர் எதிர்வுகூறி 2007 இல் பரிசோதனையிற் கண்டறியப்பட்ட ‘ஒளியியல் தற்சுழற்சி ஹால் விளைவை’ நோக்குக. உட்செலுத்தப்படுவது நேர்கோட்டு முனைவாக்க ஒளி. வட்டத்தன்மை அதிற் சிறிதுமில்லை. எனினும், சிதறிய பொலாரிற்றன்கள் நான்கு கால்வட்டங்களிலும் மாறிமாறி எதிரெதிர்த் தற்சுழற்சியுடன் வெளிப்படுகின்றன. குறுக்கு மின், குறுக்குக் காந்த வகைகளிடையேயான சக்தி வேறுபாடு, செல்திசைக்கேற்ப மாறும் ஒரு காந்தப்புலம் போலத் தொழிற்படுவதே காரணம். இலேசர் தொடக்க நிலையைத் தருகின்றது. பிரித்து வகுப்பது நுண்குழியின் அமைப்பு. (ஹாலின் பெயரை இரவல் வாங்கியதும் எனக்கு உவப்பானதன்று; இங்கே மின்னோட்டமே இல்லை.)

2010 இல் அமோவும் சகபாடிகளும் வெளியிட்ட தற்சுழற்சி ஆளியின் கதை வேறு. ஒத்த தற்சுழற்சியுடைய பொலாரிற்றன்கள் ஒன்றையொன்று வன்மையாகத் தள்ளுகின்றன. எதிரானவற்றிடையே இடைத்தாக்கம் பொதுவாக நலிந்தது. ஆதலால், தொடக்க எல்லைக்குச் சற்றுக் கீழே நிறுத்தப்பட்ட அகன்ற ஒளிப்பரப்பைச் சிறு கற்றையொன்று எழுப்பிவிடுகின்றது. எழுச்சி அது தொட்ட இடத்தையும் கடந்து பரவுகின்றது. அழகிய பரிசோதனை. ஆயினும், இத்தகைய ஆளியைத் தட்டும் சக்தியை மட்டும் எண்ணி, அதனை ஓயாது தாங்கிநிற்கும் இலேசரின் சக்தியை எண்ணாது விடும் கணக்கு நேர்மையான கணக்கன்று. பொதுவான மாதிரிகளிற் பொலாரிற்றனின் ஆயுள் சில பிக்கோ செக்கன்கள் முதல் சில பத்துப் பிக்கோ செக்கன்கள் வரையே. ஊட்டம் நின்றால் நிலையும் இல்லை.

வெப்பநிலையும் தடையாகவுள்ளது. காலியம் ஆசனைட்டு மாதிரிகள் பெரும்பாலும் சில கெல்வினிலேயே இயக்கப்படுகின்றன. 2014 இற் பல்பகுதியம் ஒன்றில் அறைவெப்பநிலையிலேயே பொலாரிற்றன் ஒடுக்கம் பெறப்பட்டது உண்மைதான். ஆனால், சேதனப் பொருள்களில் எக்சிற்றன் இறுகச் சுருங்கியிருப்பதனால், ஆளி தங்கியிருக்கும் அந்தத் தள்ளுவிசையே அங்கு மிக மெலிந்துவிடுகின்றது. அறைவெப்பநிலைக் கணினியை வாக்களிப்போர் இவ்விடத்தை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகின்றனர்.